அண்ணாச்சிகிட்ட கேளுங்க: நெத்தும் மட்டையும், பழைய ஆர்சியும்

கேள்வி (வள்ளியூர் வாசகர்): அண்ணாச்சி, எங்கப்பா இன்னும் அம்பாசிடர்தான் ஓட்டுதாவ. இப்ப வார காரெல்லாம் பப்படம், நாங்குநேரி நாலுவழிச்சாலைல எவனாவது இடிச்சா நொறுங்கிரும், நம்ம வண்டிதான் கோட்டைங்காவ. புதுசு வாங்குவோம்னா கேக்கவே மாட்டேங்காவ.

பதில்: அப்பா மவன் சண்டைக்குள்ள என்னைய இழுக்கிய, சரி. நானும் அம்பாசிடர் கிறுக்கன்தான் தம்பி, வீட்டோட ஏறி பாபநாசம் போன சொகம் எந்த எஸ்யூவிலயும் வரல. ஆனா இடிபடுததுன்னு வந்தா உங்க கட்சிதான் நானு. 2009-ல அமெரிக்காவுல ஐஐஎச்எஸ்னு இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்க நடத்துத ஆய்வு அமைப்பு, 1959 மாடல் செவர்லே பெல் ஏரையும் 2009 மாடல் மாலிபுவையும் ஆளுக்கு 64 கிலோமீட்டர் வேகத்துல எதிரும் புதிருமா மோதவிட்டு பாத்தாவ, பழைய இரும்பு புதுசை சட்னியாக்கிரும்னுதான் நெறைய பேரு நெனைச்சிருப்பான், நடந்தது தலைகீழ், பெல் ஏர்ல டிரைவர் உக்காருத எடமே நசுங்கிப்போச்சு, மாலிபுல டிரைவருக்கு பதிலா உக்கார வச்சிருந்த பொம்மைக்கு கால்ல மட்டுந்தான் அடி. தேங்காய பாருங்க, மட்டையோட மரத்துலருந்து விழுந்தா ஒண்ணும் ஆவாது, உரிச்சிட்டு போட்டா சில்லு சில்லாத் தெறிக்கும். புது வண்டியோட முன்பக்கம் அந்த மட்டை மாதிரி, நசுங்கத்தான் செஞ்சிருக்கான். அது அடியை வாங்கிக்கிடும், ஆளு இருக்குத கூண்டு மட்டும் கெட்டியா நிக்கும். அதுக்காக லாரிக்கு அடியில போயி சொருவுனா எந்தக் காரும் தாங்காது, அதையும் சொல்லிருதேன். பின்சீட்டுலயும் பெல்ட்டு போடணும், போடலன்னா ஏர்பேக் ஆறு இருந்தும் பிரயோஜனமில்ல. அம்பாசிடரை விக்க வேண்டாம், ஞாயித்துக்கெழம டவுனுக்குள்ள உருட்டட்டும்.

கேள்வி (பாளையங்கோட்டை வாசகி): மாடு குறுக்க வருதுன்னு முன்னாடி கம்பி மாட்டலாமா?

பதில்: வேண்டாம்மா. 2017 டிசம்பர்லயே மத்திய அரசு அது தப்புன்னு சொல்லியாச்சு. நடந்து போறவன் மேல பட்டா எலும்பு மிஞ்சாது, ஏர்பேக் சென்சாரும் குழம்பும். மாட்டுக்கு பிரேக்குதான் மருந்து.

கேள்வி (அம்பாசமுத்திரம் வாசகர்): என் காரை வித்து ரெண்டு வருசமாச்சு, பேரு மாத்துததுக்கான 29, 30 ஃபார்ம்ல கையெழுத்தும் போட்டு குடுத்தேன். வாங்குனவன் பேரு மாத்தவே இல்ல. இப்ப ஒரு பைக்காரரை இடிச்சிட்டான், நஷ்டஈடு கேஸ்ல எனக்கு சம்மன் வந்திருக்கு. நான் என்ன செஞ்சேன்?

பதில்: இடிச்சது நீங்க இல்ல, ஆனா ஆர்சில பேரு உங்க பேருல்லா. மோட்டார் வாகனச் சட்டப்படி யாரு பேருல பதிவோ அவருதான் ஓனர், கைமாறி கைமாறி நாலு பேருகிட்ட போயிருந்தாலும் பதிவு மாறலன்னா பழைய ஆளுதான் பொறுப்புன்னு 2018-லயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிட்டு. வித்த பதினாலு நாளுக்குள்ள நீங்களே ஆர்டிஓ ஆபீசுக்கு தெரியப்படுத்தியிருக்கணும், வாங்குனவன் பாத்துக்கிடுவான்னு விட்டுட்டிய, நானும் இப்படித்தான் ஒரு மாருதி 800-ஐ தெரிஞ்ச பையன்னு குடுத்துட்டு எட்டு மாசம் கழிச்சு அவன் சிக்னல்ல நிக்காததுக்கெல்லாம் என் போனுக்கு அபராத மெசேஜா வந்து குமிஞ்சுது.

இடிச்சதுக்கு போலீஸ் கேசு ஓட்டுனவன் மேலதான், அதுல பயப்படாதிய. பணந்தான் பிரச்சன. விபத்து நடந்த அன்னைக்கு தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் உயிரோட இருந்தா கம்பெனி கட்டும், பேரு மாறாதது அதுக்கு தடையில்ல. அவன் புதுப்பிக்காம விட்டிருந்தா தொகை உங்க தலையில விழும், அப்புறம் நீங்க அவன தொரத்தி வாங்கணும், அதுக்கு விக்கும்போது எழுதுன சீட்டும் பணம் வந்த பேங்க் கணக்கும் வேணும். சம்மனுக்கு போவாம இருந்தா உங்க பக்கம் கேக்காமலே தீர்ப்பு எழுதிருவாவ. ஆஜராவச் சொன்ன தேதிய லெட்டர்ல எழுதவே இல்லையே, அத மொதல்ல பாத்துட்டு வக்கீலுக்கு போன் போடுங்க.