கேள்வி-பதில்: 3டிஎஸ் கருவியில் சொந்த இசை, தட்டாமல் சுற்ற

கேள்வி: லூமா (சொந்தக் கோப்புகளை ஏற்க வைக்கும் மாற்று மென்பொருள்) போட்ட நிண்டெண்டோ 3டிஎஸ் கையடக்க விளையாட்டுக் கருவி வைத்திருக்கிறேன். முகப்புத் திரைக்கு நானே அமைத்த இசையை எம்பி3-இல் இருந்து மாற்றி வைத்தேன். சுற்று திரும்பும் இடத்தில் ஒரு நொடிப்பு (சிறு இடைவெளி), கூடவே ‘டக்’ என்று ஓசை. விலை கொடுத்து நல்ல ஆடியோ மென்பொருள் வாங்கினால் சரியாகுமா?

பதில்: வாங்க வேண்டாம். வெட்டிச் சேர்க்க ஆடாசிட்டி, 3டிஎஸ் படிக்கும் பிசிஎஸ்டிஎம் ஒலிக்கோப்பாக மாற்ற லூப்பிங் ஆடியோ கன்வெர்ட்டர், கணினியிலேயே கேட்டுச் சரிபார்க்க விஜிஎம்ஸ்ட்ரீம் ஆகிய மூன்றும் போதும். மூன்றும் இலவசம்.

நொடிப்புக்குக் காரணம் எம்பி3. அந்த வடிவம் பாட்டின் முன்னும் பின்னும் சிறு மௌனத்தைச் சேர்த்துவிடும். சாதாரணமாகக் கேட்டால் தெரியாது, லூப்பில், அதாவது திரும்பத் திரும்பச் சுற்றும்போது, பளிச்சென்று தெரியும். வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு) ஆக மாற்றினாலும் அந்த மௌனம் கூடவே வரும். அதனால் இசையமைத்த மென்பொருளிலிருந்து நேராக வேவ் எடுங்கள்.

‘டக்’ ஓசை வேறு விஷயம். லூப்பின் தொடக்கத்தையும் முடிவையும் காதால் தேடி வைப்பவர்களுக்குத்தான் அது அதிகம் வரும். தேட வேண்டியது புள்ளிகளை அல்ல, நீளத்தை. நீளம் சாம்பிள் கணக்கில் (சாம்பிள் என்பது ஒலியின் மிகச்சிறு துண்டு, 32,000 ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 32,000) துல்லியமாக இருந்துவிட்டால் தொடக்கத்தைச் சுற்றும் பகுதிக்குள் நகர்த்தினாலும் தாளம் பிசகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 120 அடி, ஆவர்த்தனத்துக்கு 4 அடி என்றால் ஓர் ஆவர்த்தனம் 2 விநாடி. முன்னிசை 6 ஆவர்த்தனம், அதாவது 12 விநாடி. திரும்பத் திரும்ப வர வேண்டிய பகுதி 36 ஆவர்த்தனம், அதாவது 72 விநாடி. 32,000 ஹெர்ட்ஸில் லூப் நீளம் 23,04,000 சாம்பிள். இந்த எண் மாறவே கூடாது.

இனித் தொடக்கம். 12-ஆவது விநாடியில் வைக்கத்தான் கை போகும், வைக்காதீர்கள். சுற்றின் கடைசி ஸ்வரத்தின் எதிரொலி அடுத்த சுற்றின் தலையில் கொஞ்சம் தேங்கி நிற்க வேண்டும். முதல் சுற்றின் தலையில் அந்த எதிரொலி கிடையாது. அங்கே தாவினால் எதிரொலி கத்தரித்தது போல அறுபடும். எனவே சுற்றும் பகுதியை இரண்டு முறை அடுத்தடுத்து வைத்து வேவ் எடுத்து, தொடக்கத்தை எதிரொலி அடங்கும் அளவுக்கு, சுமார் 3 விநாடி, தள்ளி வையுங்கள். 15 விநாடி என்றால் 4,80,000 சாம்பிள்.

இதிலும் ஒரு திருத்தம் உண்டு. பிசிஎஸ்டிஎம் ஒலியைக் கட்டம் கட்டமாக வைத்திருக்கிறது. ஒரு கட்டத்தில் 14,336 சாம்பிள். லூப் தொடக்கம் ஒரு கட்டத்தின் வாசலில் விழ வேண்டும். 4,80,000-க்கு அடுத்த மடங்கு 14,336 × 34 = 4,87,424. அதைத் தொடக்கமாகக் கொண்டால் முடிவு 4,87,424 + 23,04,000 = 27,91,424. இரண்டும் ஒரே அளவு நகர்ந்ததால் தாளம் பிசகாது. தொடக்கத்தை மட்டும் நகர்த்தி முடிவை அப்படியே விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் தாளம் தடுக்கி விழும்.

இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கிறது. 44,100 ஹெர்ட்ஸ் கோப்பில் புள்ளிகளைக் குறித்துவிட்டு, மாற்றும்போது 32,000-க்குக் குறைத்துவிடுகிறார்கள். பழைய எண்கள் அங்கே செல்லாது. 32,000 ஆல் பெருக்கி 44,100 ஆல் வகுக்க வேண்டும். முதலிலேயே 32,000-க்கு மாற்றிவிட்டுப் புள்ளி குறிப்பது நிம்மதி.

கேள்வி: 3 நிமிடப் பாட்டை தீம் கோப்புறையில் வைத்தேன். படம் வருகிறது, இசை வரவில்லை.

பதில்: முகப்புத் திரை இசைக்கு இடம் சுமார் 3.3 எம்.பி. மட்டுமே. ஸ்டீரியோவில் 32,000 ஹெர்ட்ஸ் என்றால் ஏறக்குறைய 92 விநாடி அடங்கும், 22,050 என்றால் 133 விநாடி. மோனோ ஆக்கினால் 32,000-லேயே 3 நிமிடம் கொள்ளும். அந்தச் சிறு ஸ்பீக்கரில் மோனோ பெரிய குறையாகத் தெரியாது, ஹெட்போனில் தெரியும். மேலே சொன்ன உதாரணம் 3.2 எம்.பி.க்குள் முடிகிறது. லூப் முடிவுக்குப் பின்னால் மிஞ்சும் ஒலியை வெட்டிவிடுங்கள், அது வீணாக இடம் பிடிக்கும்.

கேள்வி: மரியோ கார்ட் 7 பந்தய ஆட்டத்தில் ஒரு தடத்தின் இசையை மாற்றினேன். இன்னும் பழையதே ஒலிக்கிறது.

பதில்: செலக்ட் பொத்தானை அழுத்தியபடி கருவியை இயக்கி, லூமா அமைப்பில் கேம் பேட்ச்சிங் (ஆட்டத்தின் கோப்புக்குப் பதில் உங்கள் கோப்பை எடுக்க வைப்பது) தேர்வாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்தது டைட்டில் எண், அதாவது ஆட்டத்தின் அடையாள எண். இந்த ஆட்டத்தின் அமெரிக்கப் பதிப்புக்கு 0004000000030800, ஐரோப்பியப் பதிப்புக்கு 0004000000030700. பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கியவர்கள் எந்தப் பகுதிக்கானது என்று பார்க்காமல் எண்ணை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். லூமா கோப்புறைக்குள் டைட்டில்ஸ், அதற்குள் இந்த எண், அதற்குள் ரோம்எஃப்எஸ் என்ற கோப்புறை. அதன் பிறகு கோப்புறைகளும் கோப்பின் பெயரும் மூலத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். மூலக் கோப்பை விஜிஎம்ஸ்ட்ரீமில் திறந்து அது எத்தனை சேனல் என்று பார்த்து, உங்களுடையதையும் அதே எண்ணிக்கையில் செய்யுங்கள்.

கேள்வி: இதற்காகவே பழைய கருவி ஒன்று வாங்கப்போகிறேன். எது நல்லது? ‘ஹேக் செய்து தருகிறோம்’ என்று தனிக் கட்டணம் கேட்கிறார்கள்.

பதில்: லூமா இலவசம், பொறுமை இருந்தால் ஒரு மாலையில் நீங்களே போட்டுவிடலாம். அதற்கெனக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

கோப்புகளை அடிக்கடி மாற்றிக் கேட்பவருக்கு மெமரி கார்டு எடுப்பதுதான் பெரிய தொல்லை. நியூ 3டிஎஸ், நியூ 3டிஎஸ் எக்ஸ்எல் இரண்டிலும் மைக்ரோ எஸ்டி பின்மூடிக்கு அடியில் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் திருகு கழற்ற வேண்டும். பழைய 3டிஎஸ்-இல் முழு அளவு எஸ்டி கார்டு பக்கவாட்டிலேயே வந்துவிடும். நியூ 2டிஎஸ் எக்ஸ்எல்-இலும் திருகு வேலை இல்லை. என் தேர்வு அதுதான். ஏற்கெனவே திருகுள்ள கருவி வைத்திருப்பவர்கள் எஃப்டிபிடி என்ற செயலியைப் போட்டு வைஃபை வழியே கோப்பை அனுப்பலாம்.

கார்டு 32 ஜி.பி. போதும். அதற்கு மேல் வாங்கினால் எக்ஸ்ஃபேட் வடிவில் வரும், 3டிஎஸ் அதைப் படிக்காது. ஃபேட்32-க்கு மாற்ற வேண்டும். கருவியோடு விற்பவர் தரும் கார்டைக் கணினியில் நகல் எடுத்துக்கொண்டு, பிறகு எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருள் மூலம் முழுக்கச் சோதியுங்கள். போலிக் கொள்ளளவு கார்டில் கோப்பு சிதைந்து இசை பாதியில் கரகரத்தால், லூப் புள்ளியைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள்.