கேள்வி கேட்டால் கோபப்பட மாட்டேன்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வால்நட்சத்திரத்தைப் பற்றியவை. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில், ஆனால் பிறகு. முதலில் கொசு.

ஐயா, கொசுவே இல்லாத நாடு என்று உலகத்தில் ஒன்று உண்டா? இருந்தால் சொல்லுங்கள், குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறோம்.
*வாசகர், வியாசர்பாடி*

2025 அக்டோபர் நடுப்பகுதி வரை ஒன்று இருந்தது. கொஞ்சம் தாமதித்துவிட்டீர்கள்.

ஐஸ்லாந்துதான் அந்த நாடு. பக்கத்தில் இருக்கும் கிரீன்லாந்தில் கோடைக்காலத்தில் கொசு மொய்க்கும். நார்வேயிலும் அப்படியே. ஐஸ்லாந்தில் மட்டும் அதுவரை இல்லை. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அங்கே குட்டைகள் மாறி மாறி உறைவதும் உருகுவதுமாக இருப்பதால் கொசுவின் கூட்டுப்புழு தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று காரணம் சொல்வார்கள்.

தலைநகருக்கு வடக்கே கியோஸ் என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே அந்துப்பூச்சி பிடிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். ஒயினைச் சூடாக்கிச் சர்க்கரை கலந்து, கயிற்றை அதில் ஊறவைத்து வெளியே கட்டித் தொங்கவிட்டால் இனிப்புக்கு அந்துப்பூச்சி வரும். அந்த அக்டோபரில் ஒருநாள் மாலை, மங்கிய வெளிச்சத்தில், அவருடைய கயிற்றில் பழக்கமில்லாத ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. அடித்து நசுக்காமல் பிடித்துவைத்தார் பாருங்கள், அங்கேதான் அவர் நம்மிடமிருந்து வேறுபடுகிறார். அடுத்தடுத்து இன்னும் இரண்டு கிடைத்தன. மொத்தம் இரண்டு பெண், ஒரு ஆண். நாட்டின் இயற்கை அறிவியல் நிறுவனத்துக்கு அனுப்பினார். அவர்கள் சொன்ன பெயர் குலிசெட்டா ஆனுலாட்டா. குளிர் தாங்கும் இனம்; நிலவறையிலும் கொட்டகையிலும் ஒண்டிக்கொண்டு குளிர்காலத்தைக் கழித்துவிடும்.

மூன்று கொசுவுக்கு உலகப் பத்திரிகைகள் எல்லாம் செய்தி போட்டன. என் ஜன்னலோரத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மூன்றை அடித்துவிட்டேன். எனக்கு யாரும் செய்தி போடவில்லை. இனி உங்களுக்கு மிச்சமிருப்பது அண்டார்டிகா.

வால்நட்சத்திரம் என்ற பெயரில் வேற்றுக்கிரகக் கப்பல் பூமியை நோக்கி வருவதாகக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் வந்தது. உண்மையா?
*வாசகி, திண்டுக்கல் (இன்னும் பதினோரு பேர்)*

இல்லை. 3ஐ/அட்லஸ் என்பது அதன் பெயர். சூரியக் குடும்பத்துக்கு வெளியேயிருந்து வந்து நம் கண்ணில் பட்ட மூன்றாவது விருந்தாளி. 2017இல் ஓமுவாமுவா, 2019இல் போரிசோவ், 2025 ஜூலை 1 அன்று இது. பூமிக்கு மிக நெருங்கியது 2025 டிசம்பர் 19. அந்த ‘நெருக்கம்’ ஏறத்தாழ 27 கோடி கிலோமீட்டர், நிலவைப் போல எழுநூறு மடங்கு தூரம். கண்டுபிடித்தபோது அதன் வேகம் விநாடிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் பன்னிரண்டு விநாடி. வாயுவையும் தூசியையும் கக்கிக்கொண்டு, எந்த வால்நட்சத்திரமும் செய்வதைத்தான் செய்தது. கப்பல் என்று எழுதியவரிடம் வாடகை எவ்வளவு என்று கேட்டுச் சொல்லுங்கள்.

விண்கல்லில் உயிரின் மூலப்பொருள் கிடைத்தது என்கிறார்களே, அங்கே உயிர் இருந்ததா?
*கல்லூரி மாணவி, தூத்துக்குடி*

நீங்கள் தூத்துக்குடிக்காரர் என்பதால் இதைச் சொல்வது எனக்குச் சுலபம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பென்னு என்ற சிறுகோளிலிருந்து நாசாவின் ஒசைரிஸ்-ரெக்ஸ் கலம் அள்ளிய மண், 2023 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் பாராசூட்டில் இறங்கியது. ஹூஸ்டனுக்குக் கொண்டுபோய்த் திறக்கப் பார்த்தால், மூடியில் இருந்த 35 திருகுகளில் இரண்டு அசைய மறுத்தன. ஊறுகாய் ஜாடியைத் தரையில் தட்டித் திறப்பது போலத் தட்ட முடியாது. பூமியின் அழுக்கு ஒரு துகள்கூடப் படக்கூடாத கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகத்தான் வேலை. அங்கே அனுமதித்த உலோகங்களிலேயே கடினமான, காந்தம் ஒட்டாத எஃகில் அந்த இரண்டு திருகுகளுக்காகவே தனியாகக் கருவி செய்தார்கள். 2024 ஜனவரியில்தான் மூடி வந்தது. உள்ளே இருந்தது மொத்தம் 121.6 கிராம். நம் வீட்டில் ஒரு வேளை சாம்பாருக்குப் போடும் பருப்பின் அளவு.

ஓராண்டு கழித்து, 2025 ஜனவரியில், முடிவுகள் வந்தன. உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருந்தன. மரபணு எழுத்துகளான ஐந்து காரங்களும் இருந்தன. செய்தித்தாள்கள் இதோடு நிறுத்திவிட்டன. எனக்குப் பிடித்தது உப்பு. பென்னுவின் தாய்க்கோளுக்குள் உப்புநீர் இருந்து, மெல்ல வற்றியிருக்கிறது. உங்கள் ஊர் உப்பளத்தில் நடப்பதுதான்: பாத்தியில் நீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம், அதற்குப் பிறகுதான் கறியுப்பு. பென்னு மண்ணிலும் அப்படி வரிசையாகப் படிந்த உப்புகளைப் பார்த்தார்கள். அதில் ஒன்று டிரோனா. சோடா உப்பு வகை. சோப்பு வருவதற்கு முன் ஆற்றங்கரையில் துணி வெளுக்க உவர்மண் போட்டு வேகவைத்தார்களே, அந்த மண்ணில் வேலை செய்த சரக்கின் பங்காளி.

உயிர் இருந்ததா என்றால், இல்லை என்றே அந்த மண் சொல்கிறது. அமினோ அமிலங்கள் இடதுகால் செருப்பும் வலதுகால் செருப்பும் போல இரண்டு வடிவில் வரும். பூமியில் உள்ள உயிர்கள் ஏனோ இடதுகால் செருப்பை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டன. பென்னுவில் இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. யாரும் பொறுக்கவில்லை, கோயில் வாசலில் கிடப்பது போல அப்படியே கிடக்கின்றன. முன்பு சில விண்கற்களில் இடது கூடுதலாகத் தெரிந்ததால், நமக்கு அந்தப் பழக்கம் வானத்திலிருந்து வந்தது என்று ஒரு கருத்து இருந்தது. பென்னு அதை ஆட்டிவிட்டது. 2025 டிசம்பரில் ரைபோஸ், குளுக்கோஸ் இரண்டும் அதே மண்ணில் இருப்பதாக அறிவித்தார்கள். சர்க்கரை, உப்பு, தண்ணீர் எல்லாம் இருந்தும் சமையல் நடக்கவில்லை.

எங்கள் மாவட்டத்து மண்ணைச் சந்திரனுக்கு அனுப்பினார்கள் என்று என் தாத்தா சொல்கிறார். நான் நம்பவில்லை.
*ஒன்பதாம் வகுப்பு மாணவன், பரமத்தி வேலூர்*

தாத்தா முக்கால்வாசி சரி. அனுப்பவில்லை, சந்திரனை இங்கே கொண்டுவந்தார்கள். நிலவின் வெளுத்த மேட்டுப்பகுதி அனார்த்தோசைட் என்ற பாறையால் ஆனது. அதே வகைப் பாறை நம் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் இருக்கிறது. அதைத் தூளாக்கி, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தாரின் துணையோடு இஸ்ரோ போலி நிலவுத்தரை அமைத்து, கலம் இறங்குவதையும் வண்டி உருளுவதையும் சோதித்தது. முப்பத்தொரு ஆண்டு இயற்பியல் வாத்தியாராக இருந்த என் மேசையில் அந்தக் கல் ஒன்று இன்னும் கிடக்கிறது. வெளுப்பு, ஆங்காங்கே கறுப்புப் புள்ளி. காகிதம் பறக்காமல் பிடிக்கிறது.

அசல் நிலவுமண் எப்படி என்பதை 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 குத்திப் பார்த்தது. கலத்தில் இருந்த ஊசி போன்ற வெப்பமானி, மேற்பரப்பில் 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் காட்டியது. 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10. ஒரு சாண்கூட இல்லை, பாதிச் சாணுக்கும் குறைவு! துகள்களுக்கு நடுவே காற்றே இல்லாததால் சூடு உள்ளே இறங்குவதில்லை. என் சிறுவயதில் ஐஸ்காரர் பாளத்தை மரத்தூளில் புதைத்துச் சித்திரை வெயிலில் சைக்கிளில் கொண்டுவருவார். நிலவு அவரைவிடக் கெட்டிக்காரி.

நோபல் பரிசு அறிவிப்பை எப்படிச் சொல்வார்கள்?
*வாசகர், காரைக்குடி*

போனில். 2025 மருத்துவப் பரிசு பெற்ற மேரி பிரன்கோ, சுவீடன் எண்ணைப் பார்த்து ஏமாற்று அழைப்பு என்று விட்டுவிட்டார். அவரோடு பரிசு பெற்ற ஃப்ரெட் ராம்ஸ்டெல் மலைக்காட்டில் முகாமிட்டிருந்தார். மனைவி அலறியதும் கரடி என்று நினைத்தாராம். ஆகவே தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். கடன் அட்டை விற்பவராகத்தான் இருக்கும். இருந்தாலும்.

கொதிக்கும் நீர், குளிர்ந்த நீரைவிடச் சீக்கிரம் உறைந்து ஐஸ் ஆகும் என்று என் மகன் சாதிக்கிறான். அடிக்கலாமா?
*வாசகர், மன்னார்குடி*

கூடாது. 1963இல் தான்சானியாவில் எராஸ்டோ எம்பெம்பா என்ற பள்ளி மாணவன், உறைபெட்டியில் இடம் போய்விடுமே என்று கொதித்த பால் கலவையை ஆறவிடாமல் அப்படியே வைத்தான். இன்னொரு மாணவன் காய்ச்சாமலே வைத்த பாலுக்கு முன்னால் அது உறைந்தது. ஆசிரியரிடம் கேட்டான், குழம்பிவிட்டாய் என்றார். விடாமல் கேட்டதும், இது எம்பெம்பாவின் இயற்பியல் என்று கிண்டல். பின்னாளில் பள்ளிக்கு வந்த டெனிஸ் ஆஸ்பர்ன் என்ற பேராசிரியரிடமும் கேட்டான். வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் செய்து பார்ப்பதாகச் சொல்லிப் போனார், செய்தும் பார்த்தார். 1969இல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது.

பையன் முழுக்கச் சரி என்று இன்றும் முடிவாகவில்லை. 2016இல் இங்கிலாந்தில் இருவர் கவனமாகச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. வெப்பமானியை ஒரு சென்டிமீட்டர் மேலே கீழே நகர்த்தினாலே இருப்பது போலத் தோன்றும் என்றார்கள். சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

என் வகுப்பிலும் ஒருவன் இதைக் கேட்டான். 1994 வாக்கில். “நியூட்டன் விதியைப் படிச்சிட்டு வா, உட்கார்” என்றேன். உட்கார்ந்துவிட்டான். பிறகு அந்த ஆண்டு முழுவதும் எதுவும் கேட்கவில்லை. இந்தப் பகுதிக்கு நான் வைத்திருக்கும் தலைப்பு எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதம் வந்த பிறகு இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை எடுத்தேன். ஒன்றில் கொதிநீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒரே அளவு. முதல் நாள் குழாய்த் தண்ணீர் ஜெயித்தது. இரண்டாம் நாளும் அதுவே. மூன்றாம் நாள் டம்ளர்களை இடம் மாற்றி வைத்தேன், கொதிநீர் முந்தியது. நான்காம் நாள் ஃப்ரீசரைத் திறந்தால் அங்கே அரைக்கிலோ நெத்திலி உட்கார்ந்திருக்கிறது. ஞாயிறு வரை காத்திருக்கச் சொல்லி வீட்டில் உத்தரவு.