வாசகர் கேள்வி – பதில்: நாட்டரிசி, வெங்காயம், கிணற்றுத் தண்ணீர்

கேள்வி: சந்தையில் அரசாங்கம் கைவைக்கக் கூடாது என்கிற லிபர்டேரியன் கொள்கைக்காரர், அரிசிக்குக் கட்டுப்பாட்டு விலை போடுவதையும் எதிர்க்கிறார்கள். கூலி வேலைக்குப் போகிறவர் எந்த விலைக்கு வாங்கிச் சமைப்பது?
— வாசகி, கோண்டாவில்

பதில்: அரிசி மலிய வேண்டும் என்பதில் அவர்களுக்கும் மாற்றுக் கருத்தில்லை. வர்த்தமானியில் விலை எழுதினால் அரிசி கடையை விட்டே போய்விடும் என்பதுதான் அவர்களின் வாதம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024 டிசம்பரில் இலங்கையில் நாட்டரிசியின் உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபா. 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 65 கிலோ அரிசி வரும். நெல் கிலோ 120 ரூபா என்று வைத்தால், ஒரு கிலோ அரிசிக்குப் போன நெல்லின் விலை 185 ரூபா. அவிக்கிற செலவு, குற்றுக்கூலி, சாக்கு, லொறி, கடைக்காரரின் இலாபம் எல்லாம் மீதி 45 ரூபாவுக்குள் அடங்கலாம். நெல் 145க்கு ஏறினால் அது 223 ஆகிவிடும். மிஞ்சுவது 7 ரூபா. தவிடு விற்ற காசைச் சேர்த்தாலும் சிறிய மில்காரருக்குக் கட்டாது, மில்லை நிறுத்திவிடுவார். பெரிய களஞ்சியம் வைத்திருப்பவர் பொறுத்திருப்பார். கடையில் நாட்டரிசி இருக்காது. இருந்தால் பில் எழுதாமல் கூடின விலைக்கு விற்பார்கள். பிடிபட்டுத் தண்டம் கட்டுவது சந்திக் கடைக்காரர். 2021 செப்டெம்பரிலும் அரிசிக்கு உச்ச விலை போட்டு, அந்த மாதமே எடுத்துவிட்டார்கள்.

எங்கே தட்டுப்பாடு, எங்கே மிச்சம் என்று அதிகாரிக்குத் தெரியவரும் முன்னரே விலை சொல்லிவிடும் என்பது, 1974இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஹயக்கின் கருத்து. அப்படியானால் ஏழைக்கு? அவர் கையில் நேரே காசைக் கொடுங்கள் என்றார் இன்னொரு பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன். 2023இல் தொடங்கிய, ஏழைக் குடும்பங்களுக்கு அரசு காசு கொடுக்கிற அஸ்வெசும திட்டம் ஏறத்தாழ அந்த வழிதான். இதில் நான் அவர்கள் பக்கம். ஆனால் சில பெரிய ஆலைகள் ஆளுகிற சந்தையைச் சுதந்திரச் சந்தை என்று சொல்ல முடியாது, போட்டி வேண்டும். அதே 2024 டிசம்பரில் அரிசி இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தார்கள், கிலோவுக்கு 65 ரூபா வரியோடு. அந்த வரியையும் சேர்த்துக் கட்டியது அரிசி வாங்கியவர்தான்.

கேள்வி: 1977க்கு முன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால்தான் எங்கள் வெங்காய, மிளகாய்ச் செய்கையாளர் கல்வீடு கட்டினார்கள். அது பிழையா?
— வாசகர், சுன்னாகம்

பதில்: கட்டினார்கள், உண்மை. அந்தக் காசு மலையகத் தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் கொழும்புக் குடும்பத்தின் சமையல் செலவிலிருந்தும் வந்தது என்று லிபர்டேரியன்கள் சொல்வார்கள். அதுவும் உண்மை. ஆனால் 1977இல் இறக்குமதிக்குக் கதவு திறந்தபோது, கிணறு வெட்டக் கடன்பட்டவருக்கு வேறு செய்கைக்கு மாற அவகாசம் கிடைக்கவில்லை. அவர்களின் வாதம் இந்த இடத்தில் பலவீனமானது.

இன்றைய தொல்லை வேறு. வெங்காயம் நட்டு 60–70 நாளில் கிண்ட வேண்டும். அதற்குள் ஒரு வர்த்தமானி வந்து பம்பாய் வெங்காயத்தின் இறக்குமதி வரியை மாற்றிவிடலாம். நடும்போது இருந்த வரியை நம்பி விதைவெங்காயத்துக்குச் செலவழித்தவர் அதோடு விழுந்துபோவார். வரி கூடவோ குறையவோ இருக்கட்டும், ஒரு போகம் முழுக்க மாறாமல் இருக்க வேண்டும். கமக்காரர் கேட்க வேண்டியது அதைத்தான்.

கேள்வி: உரம் போட்டு அயல் கிணற்றைக் கெடுத்தால், அதையும் சந்தை பார்த்துக்கொள்ளுமா?
— வாசகர், உரும்பிராய்

பதில்: பார்த்துக்கொள்ளாது. பிறர் சொத்துக்குத் தீங்கு செய்தவர்மேல் வழக்கு வைத்து நட்டஈடு வாங்கலாம், அதற்கு நீதிமன்றம் வேண்டும் என்பதே லிபர்டேரியன்களில் பெரும்பாலானோரின் நிலை. அரசே வேண்டாம் என்போர் ஒரு சாரார் மட்டும். பேசித் தீர்க்கும் செலவு குறைவென்றால் அயலவர் தாமாகவே இணங்கிக்கொள்ளலாம் என்று 1960இல் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் காட்டினார். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் அது சரிவராது. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். யூரியாவிலிருந்து வரும் நைத்திரேற்று மழைநீரோடு இறங்கி, மலக்குழியிலிருந்து வருவதோடு கலந்துவிடும். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று நிரூபிப்பது யார்? இங்கே பொது விதி வேண்டும். ஆனால் 1962 முதல் பல வடிவங்களில் மானியம் கொடுத்து உரத்தை மலிவாக்கியதும் அரசுதான். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் பின்வாங்கியதும் அரசுதான்.

உங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதியுங்கள். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கொதிக்கவைத்தால் அது போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். முடிவு வரும்வரை கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீரைப் பாவிக்காதீர்கள்.