நனைந்த துணியை எண்ணுங்கள்

காரைக்குடிப் பக்கம் குழந்தைகள் வார்டில் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சித்திரை வைகாசியில் என்னிடம் வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "பிள்ளை குடிக்க மாட்டேங்குது, உடம்பில் நீர் வற்றிவிடுமோ?" இந்தத் தடவை கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பள்ளத்தூர், ஒரு தாய்: ஏழு மாதப் பையன். நேற்றிலிருந்து சளி, லேசான காய்ச்சல். மாரில் வாய் வைத்த உடனே உதறிவிட்டு அழுகிறான். எவ்வளவு குடித்தான் என்றே தெரியவில்லை, அக்கா. பயமாக இருக்கிறது.

தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை எவ்வளவு குடித்தது என்று யாராலும் அளக்க முடியாதும்மா. உள்ளே போன கணக்கை விடுங்கள், வெளியே வருகிற கணக்கைப் பாருங்கள். நன்றாக இருக்கும் நாளில் 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போவான். காய்ச்சல் நாளில் ஒன்றிரண்டு குறையலாம். ஆறு மணி நேரமாகத் துணி நனையவே இல்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். முதல் வேலையாக டயப்பரைக் கழற்றுங்கள். அது சிறுநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு உங்களுக்குக் கணக்கே காட்டாது. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிவிடுங்கள், நனைந்ததும் தெரியும், மஞ்சள் கூடியிருக்கிறதா என்பதும் தெரியும்.

அவன் பாலை வெறுக்கவில்லை. மூக்கு அடைத்திருக்கும்போது வாயில் காம்பை வைத்தால் மூச்சுக்கு எங்கே போவான்? பாலுக்குப் பத்து நிமிஷம் முன்னால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தை ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு விடுங்கள். மெல்லிய துணியைத் திரியாகத் திரித்துச் சளியை எடுங்கள். தலையை நிமிர்த்திப் பிடித்து, அரைத்தூக்கத்தில் மாரில் போட்டுப் பாருங்கள். அப்போதும் மாட்டேன் என்றால் பாலைப் பீய்ச்சிப் பாலாடையிலோ சங்கிலோ கொடுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு 5 மில்லி ஸ்பூன் இறங்கினாலும் மணிக்கு 60 மில்லி ஆயிற்று. மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றவே கூடாது, புரையேறிவிடும்.

தேவகோட்டை, ஒரு ஆச்சி: பேத்திக்கு நாலு மாதம். இரண்டு நாளாகத் தண்ணியாகப் போகிறது, பாலும் குடிக்கவில்லை. உச்சிக்குழி விழுந்திருக்கிறது. உரம் விழுந்திருக்கும் (தூக்கும்போது சுளுக்கிக்கொண்டிருக்கும்), சேலையில் போட்டு உருட்டினால் சரியாகும் என்கிறார்கள். மருமகள் வேண்டாம் என்று அழுகிறாள்.

ஆச்சி, உச்சிக்குழி விழுந்ததை நீங்கள் கண்டுபிடித்தது பெரிய காரியம். ஆனால் அது விழுந்தது உரத்தால் இல்லை, உடம்பில் நீர் வற்றியதால். உருட்டினாலும் எண்ணெய் வைத்தாலும் அது மேலே வராது. நீர் உள்ளே போனால்தான் வரும்.

ஒரு மே மாத மதியம் ஐந்து மாதப் பிள்ளை ஒன்றை வார்டுக்குத் தூக்கி வந்தார்கள். காலையில் உரம் எடுத்துவிட்டு, அது கேட்காமல் அதன்பிறகு வந்தார்கள். உச்சியில் விளக்கெண்ணெய் பளபளவென்று இருந்தது. அந்தக் குழியில் என் சுண்டுவிரல் நுனி உட்கார்ந்தது. தொப்புளுக்குப் பக்கத்தில் தோலை இரண்டு விரலால் மடித்து விட்டேன். நல்ல பிள்ளைக்கு விட்ட நொடியில் படிந்துவிடும். இதற்கு மடிப்பு அப்படியே வரப்பு மாதிரி நின்றது. இரண்டு நொடிக்கு மேல் நின்றாலே ஆபத்து. சொட்டுநீர் ஏற்றி, விளக்கு வைக்கும் நேரத்துக்கு அது என் புடவையை நனைத்தது. அந்த ஈரத்தை இன்னும் நான் மறக்கவில்லை.

பிள்ளை அழாமல் இருக்கும்போது நிமிர்த்தி உட்கார வைத்து உச்சியைத் தொட்டுப் பாருங்கள். லேசாகப் பள்ளமாக, துடிப்போடு இருப்பது இயல்பு. நன்றாகக் குழிந்திருந்தால் இயல்பில்லை. உங்கள் பேத்திக்குப் பேதியும் சேர்ந்திருக்கிறது, பாலும் இறங்கவில்லை. இதைப் படித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். சேலையில் போட்டு உருட்டுவதால் தலைக்குள் அடிபடலாம். உங்கள் மருமகள் அழுவதில் நியாயம் இருக்கிறது.

கானாடுகாத்தான், ஒரு தகப்பனார்: ஐந்து மாதம். வெயில் கொளுத்துகிறது. ஒரு வாய் தண்ணீராவது கொடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆறு மாதம் முடியும் வரை அதுவே போதும், அடிக்கடி கொடுத்தால் சரி. பவுடர் பால் கொடுப்பவர்கள் டப்பாவில் போட்ட அளவை மீறி நீர்க்கக் கலக்கவே கூடாது. ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரலாம். முகப்பில் வெயில் அடித்தால் வளவில், அதாவது வீட்டின் உள் முற்றத்தில், காற்று வரும் பக்கமாகப் பாய் விரியுங்கள், ஆத்தங்குடிக் கல் தரை குளிர்ச்சியாக இருக்கும்.

புதுவயல், ஒரு தாய்: பதினொரு மாதம். வாந்தி, பேதி. ஓ.ஆர்.எஸ். (உப்பு சர்க்கரைக் கரைசல்) கொடுத்தால் துப்புகிறாள். கடையில் ஆரஞ்சு ருசியில் டப்பா விற்கிறார்கள், அது பரவாயில்லையா?

அந்த டப்பாவை வாங்காதீர்கள். சர்க்கரை கூடினால் பேதியும் கூடும். இனிப்புப் பானங்களின் மேல் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரே போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. 20.5 கிராம் பொட்டலம் கேட்டு வாங்கி, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கலக்குங்கள். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்கினால் உப்பின் அளவு தப்பிவிடும். 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுங்கள். அப்புறம் ஒன்றிரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். ஒவ்வொரு தடவை தண்ணியாகப் போனதும் 50 முதல் 100 மில்லி சேர வேண்டும். தாய்ப்பாலையும் குழைந்த சோற்றையும் நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரை அவள் வயதுக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள். பேதி நின்றாலும் நிறுத்தக்கூடாது.

ஓ.ஆர்.எஸ்.ஸைப் பல பிள்ளைகள் உப்புக் கரிக்கிறது என்று துப்பும். நீர் வற்ற ஆரம்பித்த பிள்ளை தாகத்தில் ஸ்பூனைப் பிடித்து இழுத்துக் குடிக்கும். முழுக்க வற்றிய பிள்ளைக்குக் குடிக்கவே தெம்பு இருக்காது. அதனால் துப்பிவிட்டு ஓடி விளையாடினால் பதறாதீர்கள், துப்பிவிட்டுத் துவண்டு கிடந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். 1971 வங்கதேசப் போர் நேரத்தில் மேற்கு வங்க எல்லையில் இருந்த அகதி முகாமில் காலரா வந்து, சொட்டுநீர்ப் பாட்டில் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாயில் வைத்தார். பக்கத்தில் இருந்த சொந்தக்காரர்களே கொடுத்து ஏராளமான உயிர் பிழைத்தது. உங்கள் கையில் இருக்கும் ஸ்பூனும் அதே வைத்தியம்தான்.

காரைக்குடி, ஒரு அப்பத்தா: பிறந்து ஆறு நாள். சமர்த்துப் பிள்ளை, அழுவதே இல்லை. பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருக்கிறது.

இதுதான் எனக்கு அதிகம் பயம் தருகிற கேள்வி. ஆறு நாள் பிள்ளை பாலுக்கு எழவில்லை என்றால் அது சமர்த்து இல்லை, தெம்பில்லை. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கலாம், மஞ்சள் காமாலை ஏறியிருக்கலாம், கிருமித் தொற்றும் இருக்கலாம். துணியில் செங்கல் பொடி மாதிரி கறை தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டாலும் இன்றே, இப்போதே எடை பார்த்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கோட்டையூர், ஒரு அத்தை: இரவு பதினொரு மணிக்குப் பிள்ளை குடிக்காவிட்டால், எதைக் கண்டால் விடியும்வரை பொறுக்கக் கூடாது?

கூப்பிட்டால் கண் திறந்து பார்க்கவில்லை, கண் உள்ளே போயிருக்கிறது, கை கால் சில்லிட்டிருக்கிறது, மூச்சு வேகமாக இழுக்கிறது, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, மலத்தில் ரத்தம், வலிப்பு. இதில் ஒன்று இருந்தாலே 108-ஐக் கூப்பிடுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் காத்திருக்கக் கூடாது. விழித்திருக்கிற பிள்ளைக்கு வண்டியிலும் ஸ்பூனில் கொடுத்துக்கொண்டே போங்கள்.

குன்றக்குடி, ஒரு தாய்: மூன்று வாரம். அழுதால் கண்ணீரே வருவதில்லை. நீர் வற்றிவிட்டதா?

இல்லையம்மா. இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு வெளியே வழிகிற அளவுக்குக் கண்ணீர் வராது. ஒன்று இரண்டு மாதத்தில் வரும். அதுவரை கீழ் உதட்டை லேசாக இறக்கி, உள்ளே எச்சில் பளபளவென்று இருக்கிறதா என்று பாருங்கள்.