வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து தனி வாழ்க்கைக்கு: வழிகாட்டிகளின் கேள்விகளும் பதில்களும்

வளர்ப்புக் குடும்பங்களிலும் (தத்தெடுக்காமல், குறிப்பிட்ட வயதுவரை பொறுப்பேற்று வளர்க்கும் குடும்பங்கள்) காப்பகங்களிலும் வளர்ந்து, விரைவில் தனித்து வாழவேண்டிய இளையோருக்குத் துணைநிற்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துள்ளேன்.

கேள்வி (ஒரு வளர்ப்புத் தாய்): எங்களிடம் வளரும் மகனுக்கு வயது 16. வெளியேறுவதற்கு ஆறு மாதங்களுக்கு முன் பயிற்சியைத் தொடங்கினால் போதும் என்கிறார் சமூகப் பணியாளர். அது சரியா?

பதில்: போதாது அம்மா. சமையல், துணி துவைத்தல், வங்கிப் படிவம் நிரப்புதல் எல்லாவற்றையும் கடைசி ஆறு மாதங்களில் அள்ளித் திணித்தால் செய்முறைகள் நினைவில் நிற்கலாம். முடிவெடுக்கும் பழக்கம் வராது. சமைக்கத் தெரியாதவர் 20 வயதிலும் சமையலைக் கற்றுக்கொள்வார். ஆனால் தன்னைப் பற்றிய எந்த முடிவையும் தானே எடுத்துப் பார்க்காத ஒருவர், திடீரென ஒரு நாள் எல்லா முடிவுகளையும் எடுக்கவேண்டிய நிலைக்குத் தள்ளப்படுவதுதான் ஆபத்து. அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, 14 வயதிலிருந்தே பிள்ளையும் தன் பராமரிப்புத் திட்டத்தை வகுப்பதில் பங்கேற்க வேண்டும். வளர்ப்புப் பெற்றோரும் சமூகப் பணியாளரும் அல்லாத இருவரைத் தானே தேர்ந்தெடுத்து அந்தக் குழுவில் சேர்த்துக்கொள்ளவும் முடியும். என் கணிப்பில் 14 என்பது சரியான வயது. உங்கள் மகனுக்கு இப்போதே தொடங்கிவிடுங்கள்.

கேள்வி (தன்னார்வ வழிகாட்டி): நான் சந்திக்கும் பெண் எதைக் கேட்டாலும் "தெரியாது, நீங்களே சொல்லுங்கள்" என்கிறாள். அக்கறையில்லாத பிள்ளையிடம் எப்படிப் பேசுவது?

பதில்: இதை அக்கறையின்மை என்று நான் எண்ணவில்லை. எந்த வீட்டில் இருப்பது, எந்தப் பள்ளிக்குப் போவது, உடன்பிறந்தவர்களை எப்போது பார்ப்பது என்பதையெல்லாம் மற்றவர்களே தீர்மானித்த ஒரு வாழ்க்கையில், கேட்கப்படும் விருப்பம் நிறைவேறுவதில்லை என்பதை அவள் அனுபவத்தில் அறிந்திருக்கிறாள். எனவே "எதிர்காலத்தில் என்னவாக விரும்புகிறாய்?" போன்ற பெரிய கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு, விடை சொன்னால் உண்மையிலேயே அதன்படி நடக்கக்கூடிய சிறு கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். அடுத்த சந்திப்பை எங்கே, எந்த நேரத்தில் வைக்கலாம் என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். அவள் சொன்ன இடத்துக்குச் சொன்ன நேரத்தில் நீங்கள் போய்ச் சேர்வதில்தான் பயிற்சி தொடங்குகிறது.

அடுத்த படிக்கு ஓர் எடுத்துக்காட்டு: மருத்துவரிடம் முன்பதிவு செய்யும் தொலைபேசி அழைப்பு. இதுவரை யாரோ ஒரு பெரியவர் செய்து வந்த வேலை இது. தன் பெயர், பிறந்த தேதி, உடல் உபாதை, தனக்கு வசதியான இரண்டு நாட்கள் ஆகியவற்றை அவளே ஒரு தாளில் எழுதட்டும். ஒருமுறை உங்களை மருத்துவமனை வரவேற்பாளராக வைத்து ஒத்திகை பார்க்கட்டும். பிறகு ஒலிபெருக்கியை இயக்கி அவளே அழைக்க வேண்டும். நீங்கள் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மறுமுனையில் எதிர்பாராத கேள்வி வந்து அவள் உங்கள் முகத்தைப் பார்க்கும்போது பதில் சொல்லிவிடத் தோன்றும். சொல்லாதீர்கள். "கொஞ்சம் பொறுங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று கேட்டுக்கொள்ளலாம் என்பது அவளுக்கு அங்கேதான் தெரியவரும். மூன்றாவது அழைப்பின்போது நீங்கள் அறையில் இருக்கத் தேவையிருக்காது.

கேள்வி (காப்பகப் பணியாளர்): உதவித்தொகை முழுவதையும் ஒரே வாரத்தில் கைபேசிக்கும் காலணிக்கும் செலவழித்துவிட்டான். அடுத்த மாதம் நிறுத்திவைக்கலாமா?

பதில்: நிறுத்திவைக்காதீர்கள். பணத்தை வைத்துத் தண்டிக்கத் தொடங்கினால், அவன் அடுத்த முறை செலவை மறைப்பான். கையில் பணம் இல்லாத மீதி மூன்று வாரங்களே போதிய பாடம். நீங்கள் அவனை உண்ண உணவின்றி விடக்கூடாது, கைச்செலவுக்குக் கடனும் கொடுக்கக்கூடாது. அவன் ஒப்புக்கொண்டால் அடுத்த மாதம் தொகையை வாரவாரமாகப் பிரித்துத் தரலாம்.

இன்னொன்றையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். அவன் வயதுடைய மற்றவர்களும் இப்படித்தான் செலவழிக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொன்னால் வாடகை வந்துவிடுகிறது. இவனுக்கு அந்த வழி இல்லை. அதனால்தான் வரவுசெலவுப் பட்டியல் எழுதுவதைவிட அவசரத்துக்கென ஒரு சிறு சேமிப்பு வைப்பதை நான் முதன்மைப்படுத்துகிறேன். குடியேறும் மாதத்தில் முன்பணம், முதல் வாடகை, படுக்கை, பாத்திரம் எல்லாம் ஒருசேர வந்து நிற்கும் என்பதை இப்போதே தாளில் கூட்டிக் காட்டுங்கள்.

கேள்வி (சமூகப் பணி மாணவர்): ஆதரவு எத்தனை வயதுவரை கிடைக்கும்?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் சிறார் நீதிச் சட்டம், 2015இன் 46ஆம் பிரிவு 18 வயதில் காப்பகத்தைவிட்டு வெளியேறுவோருக்கு நிதியுதவிக்கு இடமளிக்கிறது; வெளியேறிய பின் தரப்படும் ஆதரவான பிற்காப்பு பொதுவாக 21 வயதுவரை, விதிவிலக்கான நிலைகளில் 23 வரை. இங்கிலாந்தில், பராமரிப்பைவிட்டு வெளியேறியோருக்கென நியமிக்கப்படும் தனி ஆலோசகரின் துணையை 25 வயதுவரை கேட்டுப் பெறலாம். இருதரப்பும் விரும்பினால் வளர்ப்புக் குடும்பத்திலேயே 21 வரை தங்கவும் ஏற்பாடு உண்டு. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மாநிலங்கள் பராமரிப்பை 21 வரை நீட்டிக்கக் கூட்டாட்சி நிதி பெற முடிகிறது. சட்டத்தில் இருப்பது தானாக வந்து சேராது; விண்ணப்பத்தின் கடைசி நாளை இளைஞரே குறித்துவைத்திருக்க வேண்டும்.

கேள்வி (வளர்ப்புத் தந்தை): எந்த ஆவணங்களைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்?

பதில்: பிறப்புச் சான்று, அரசு அடையாள அட்டை, பள்ளிச் சான்றுகள், தடுப்பூசி மற்றும் மருத்துவக் குறிப்புகள், தான் பராமரிப்பில் இருந்ததற்கான கடிதம். கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உதவிகள் பலவற்றுக்கும் அதுதான் சான்று. இவர்களுடைய அடையாள விவரங்கள் பல கைகளைக் கடந்து வந்திருப்பதால், அவர்கள் பெயரில் யாரேனும் கடன் வாங்கியிருக்கிறார்களா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (ஒரு வளர்ப்புத் தாய்): 18 முடிந்ததும் பெற்ற தாயைத் தேடிப் போவேன் என்கிறாள். எனக்கு அச்சமாக இருக்கிறது.

பதில்: அச்சம் இயல்பானது. ஆனாலும் தடுக்காதீர்கள். தடுத்தாலும் அவள் போவாள், உங்களிடம் சொல்லாமல் போவாள். பராமரிப்பைவிட்டு வெளியேறுவோர் பலர் பிறந்த குடும்பத்தோடு மீண்டும் தொடர்புகொள்கிறார்கள். சிலர் அங்கேயே தங்கவும் செய்கிறார்கள். எனவே பயணத்துக்கு முன்பு பேசவேண்டியவை சில உண்டு: தாய் கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வாள், பணம் கேட்டால் எவ்வளவு தரலாம், அன்றிரவு எங்கே தங்குவாள், பழைய கொடுமை நடந்த வீடாக இருந்தால் யாரை உடன் அழைத்துப்போவாள். அவளுடைய கோப்பில் உள்ள உண்மைகளை ஒரு சமூகப் பணியாளரின் துணையோடு முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. தாயைப் பற்றி நீங்கள் குறைவாகப் பேசாமலிருந்தால், ஏமாந்து திரும்பினாலும் உங்கள் வீட்டுக்கு வருவதில் அவளுக்குக் கூச்சம் இருக்காது.

கேள்வி (தன்னார்வ வழிகாட்டி): என் பணி ஓராண்டில் முடிகிறது. "எப்போதும் உன்னுடன் இருப்பேன்" என்று சொல்லலாமா?

பதில்: சொல்லாதீர்கள் ஐயா. அந்தச் சொல்லை அவன் ஏற்கெனவே பலரிடம் கேட்டிருப்பான். முடியும் தேதியை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். நெருங்கும்போது அவன் சண்டை போட்டாலோ, சந்திப்புகளுக்கு வராமல் போனாலோ, பிரிவை அவனே முந்திக்கொள்ளப் பார்க்கிறான் என்று எண்ணி, குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் தொடர்ந்து காத்திருங்கள். இதற்கிடையே, உங்களுக்குப் பிறகு அவன் அழைக்கக்கூடிய இருவரையாவது, ஓர் ஆசிரியரோ அத்தையோ பணியிடத்து மூத்தவரோ, அவனோடு சேர்ந்து கண்டுபிடியுங்கள். கடைசி மாதத்தில் அவன் உங்களை அழைத்துக் கேட்கும் உதவிகளை அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.