ஜான்சனின் 'கிரேட் சொசைட்டி': வீண் செலவா, நிலைத்த மாற்றமா?

கேள்வி: அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் 1960களில் கொண்டுவந்த 'கிரேட் சொசைட்டி' திட்டங்களால் சமூகத்தில் நிலைத்த மாற்றம் ஏதாவது உண்டா, இல்லை எல்லாம் வீண் செலவுதானா?

'வீண் செலவு' என்று நீங்கள் கேட்டதால்தான் இந்தப் பதில். வறுமை மீது அரசு போர் தொடுத்தது, வறுமைதான் ஜெயித்தது என்று அதிபர் ரீகன் 1988இல் அடித்த கிண்டலை எங்கோ படித்திருப்பீர்கள். கேட்க நன்றாக இருக்கும், கணக்கு ஒத்துவராது. 1964இல் 19 சதவீதமாக இருந்த வறுமை விகிதம் 1973இல் 11.1க்கு இறங்கியது. அன்றைய பொருளாதார வளர்ச்சிக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. வியட்நாமைச் சொல்லி யாராவது பின்னூட்டத்தில் வருவதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் போருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. இங்கே பேச்சு உள்நாட்டு விஷயம் மட்டும்.

பலரும் கவனிக்காத ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அந்தத் திட்டங்களில் ஒன்றான மெடிகேரை முதியோர் மருத்துவக் காப்பீடு என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் நிறப்பிரிவினையை உடைத்ததும் அதுதான்.

1946இன் ஹில்-பர்ட்டன் சட்டம் மருத்துவமனை கட்ட ஃபெடரல் (மத்திய அரசின்) பணம் கொடுத்தது. கறுப்பர்களுக்குத் தனிப் பகுதி வைத்தாலும் தவறில்லை என்று அந்தச் சட்டத்திலேயே இடம் விட்டிருந்தார்கள். 1964இன் சிவில் உரிமைச் சட்டம், ஆறாம் பிரிவில், பாகுபாடு காட்டும் எந்த நிறுவனத்துக்கும் ஃபெடரல் பணம் கிடையாது என்றது. வெறும் விதியாக அது நின்றிருந்தால் பள்ளிகளுக்கு நேர்ந்த கதிதான். பள்ளிகளில் நிறப்பிரிவினை கூடாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிப் பத்து ஆண்டுகள் கழித்தும், தென்மாநிலங்களில் வெள்ளையரோடு படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை.

மருத்துவமனை விஷயத்தில் பணம் கையிலிருந்தது. மெடிகேர் 1966 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு முதியவர் சேர்க்கப்பட்டால் முதலில் 40 டாலர் அவர் கட்ட வேண்டும், 60 நாள் வரை மீதியை அரசு கொடுக்கும். மருத்துவமனைக்கு ஆன நியாயமான செலவும் அதற்கு மேல் 2 சதவீதமும் கிடைக்கும். அதுவரை முதியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் காப்பீடே இல்லை, பாக்கி வசூலாகாமல் தவித்த மருத்துவமனைகள் ஏராளம். இப்படி ஒரு உறுதியான வரும்படியை எந்த நிர்வாகக் குழு விடும்?

நிபந்தனை ஒன்றே. 441 என்ற எண்ணிட்ட உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க ஆள் வருவார்கள். வந்தவர்கள் வாசலில் தொங்கிய பலகையோடு நிற்கவில்லை. எந்த அறையில் யார் படுத்திருக்கிறார்கள், கறுப்பின மருத்துவர்களுக்கு அங்கே நோயாளியைச் சேர்க்க அனுமதி உண்டா, உணவறையிலும் கழிப்பறையிலும் என்ன நடக்கிறது என்றெல்லாம் பார்த்தார்கள். 'நோயாளிகளே தனியாக இருக்கத்தான் விரும்புகிறார்கள்' என்ற சாக்கு எடுபடவில்லை. சோதனை நாளுக்கு மட்டும் கட்டில்களை மாற்றிப் போட்டால், அங்கே வேலை பார்த்த கறுப்பின ஊழியர்களே தகவல் சொல்லிவிடுவார்கள். சில மாதங்கள்தான், நாட்டின் மருத்துவமனைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் தகுதி பெற்றுவிட்டன. அதன் பின்பு மிசிசிப்பி போன்ற இடங்களில், வயிற்றுப்போக்காலும் நிமோனியாவாலும் இறந்த கறுப்பினக் குழந்தைகளின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்தது.

கோளாறுகளும் உண்டு. மெடிகேரில் மருத்துவர் கட்டணத்துக்கான பகுதியான 'பார்ட் பி'யை நிறுவனத்துக்குத் தரும் உதவியாகக் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் ஆறாம் பிரிவு தனியார் கிளினிக்குகளைத் தொடவே இல்லை. மருத்துவமனை வாசலில் போன பிரிவினை, கிளினிக்கின் காத்திருப்பு அறையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தது. செலவு எவ்வளவோ அதைக் கொடுப்போம் என்றதும் செலவு ஏறாமல் என்ன செய்யும்? 1983இல் நோய்வகைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை வைத்த பிறகுதான் கொஞ்சம் கட்டுக்குள் வந்தது. கறுப்பர்களே நடத்திய மருத்துவமனைகளோ நோயாளிகளை இழந்து ஒவ்வொன்றாக மூடின. தலைமுறை தலைமுறையாகக் கறுப்பின மருத்துவர்களுக்குப் பயிற்சி தந்த செயின்ட் லூயிஸின் ஹோமர் ஜி. பிலிப்ஸ் மருத்துவமனை 1979இல் மூடப்பட்டது. இந்த இழப்பை ஜான்சனின் ரசிகர்கள் பேசுவதே இல்லை.

எது நிலைத்தது, எது போனது என்பதற்கு நிதி வந்த வழியைப் பாருங்கள். மெடிகேரின் மருத்துவமனைப் பகுதிக்குச் சம்பளத்தில் பிடித்தார்கள்: அன்று தொழிலாளியிடம் 0.35, முதலாளியிடம் 0.35 சதவீதம், இன்று தலா 1.45. தன் சம்பளத்தில் பிடித்த பணம் என்பதால் யாரும் அதை விட்டுக்கொடுப்பதில்லை, எந்தக் கட்சிக்கும் கைவைக்கத் துணிவில்லை. ஏழைகளுக்கான மருத்துவ உதவியான மெடிகெய்டை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டார்கள், அரிசோனா 1982இல்தான் சேர்ந்தது. வறுமை ஒழிப்புக்கென்று அமைத்த பொருளாதார வாய்ப்பு அலுவலகத்துக்கு இந்த மாதிரி வேரே இல்லை. நிக்சன் காலத்தில் பிரித்தார்கள், 1981இல் அதன் மிச்சமும் போனது.

வாக்குரிமைச் சட்டம் தனிப் பதிலுக்கான விஷயம். மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிந்த கறுப்பர்கள் 1965இல் 6.7 சதவீதம், 1967இல் 59.8. பாகுபாடு காட்டிய மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றுமுன் ஃபெடரல் அனுமதி பெற வேண்டும் என்ற கட்டுப்பாட்டை 2013இல் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்துவிட்டது.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், ஆற்றாமைதான். அதே 1965இல் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தைப் புகழாத இந்தியர் இல்லை. இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்றிருந்த ஒதுக்கீட்டை ஒழித்தது, உண்மை. ஆனால் கிழக்கு அரைக்கோளத்தில் எந்த நாட்டுக்கும் ஆண்டுக்கு 20,000க்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பும் அதில்தான் இருந்தது. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் என்ற இன்றைய கிரீன் கார்டு வரம்பு அதன் வாரிசு. வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்கு 1,40,000 என்றால் ஒரு நாட்டுக்கு 9,800, அது இந்தியாவானாலும் சரி, ஐஸ்லாந்தானாலும் சரி. வரிசையில் நின்று தலை நரைப்பவர்களிடம் போய் இதைச் சமத்துவம் என்று சொல்லிப் பாருங்கள்.