கருமுட்டை தானம் தருபவருக்கு ஏ.எம்.எச். அதிகமாக இருந்தால் நல்லதா?

கோத்தகிரியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்: கோவையில் சிகிச்சை, தானம் தரும் பெண்ணின் ரிப்போர்ட்டில் ஏ.எம்.எச். 7 என்று இருக்கிறது, கூடுதலாக இருந்தால் நல்லதுதானே?

முட்டையின் எண்ணிக்கைக்கு ஆமாம், தரத்துக்கு இல்லை. சினைப்பையில் முட்டை வளரும் சிறு நுண்பைகள் சுரக்கும் ஹார்மோன்தான் ஏ.எம்.எச். முட்டைகளை வளர்க்கும் ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்பதை ஓரளவு நன்றாகவே காட்டும். எஃப்.எஸ்.எச். எனும் இன்னொரு ஹார்மோன் பரிசோதனைக்கு மாதவிலக்கின் 2, 3-ஆம் நாளுக்குக் காத்திருக்க வேண்டும்; இதற்கு வேண்டாம். வெறும் வயிறும் தேவையில்லை. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவருக்கு மட்டும் அளவு குறைந்து காட்டலாம்.

முட்டையின் தரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வயதுதான். 7 என்றால் பி.சி.ஓ.எஸ். எனும் நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்படிப்பட்டவருக்கு மருந்து கொஞ்சம் கூடினாலும் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூச்சுத் திணறல்வரை போகலாம். அந்த ஆபத்து முழுக்க அந்தப் பெண்ணுக்கு. தயவுசெய்து இதை மறக்காதீர்கள்.

செயற்கைக் கருத்தரிப்பு முறைகளுக்கான 2021 சட்டப்படி தானம் தருபவருக்கு வயது 23 முதல் 35. வாழ்நாளில் ஒரே முறை. 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. அப்புறம் எதற்குப் பெரிய எண்ணைத் துரத்த வேண்டும்? நடுத்தர அளவே தாராளம். அடுத்த முறை மேட்டுப்பாளையம் இறங்கிப் போகும்போது மருத்துவரிடம் கேளுங்கள்: ஸ்கேனில் நுண்பைகள் எத்தனை, மருந்தளவைக் குறைப்பீர்களா, அவருக்குக் காப்பீடு எடுத்தாயிற்றா?